கொறிக்கலாமா, வேண்டாமா: ஓர் இலவச ஒப்பந்த மென்பொருளுக்கு என் மதிப்பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நிரல் எழுத வராது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு கட்டிடப் பராமரிப்பு நிறுவனத்தில் 26 வருடமாக ஒப்பந்தம் பார்ப்பதுதான் என் வேலை. மின்தூக்கி, ஏர்கான், தண்ணீர்த் தொட்டி, பூச்சி மருந்து, இரவுக் காவல் என்று எதுவானாலும் முதலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன் என் மேசைக்கு வந்தாக வேண்டும். எனக்குக் கண்ணாடி நம்பர் ஏறியதற்கு ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்த மதிப்புரையைக் கிளப்பிவிட்டது ஒரு விற்பனைப் பையன். இரண்டு மாதம் முன்பு மடிக்கணினியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். ஒப்பந்தங்களைப் படித்து எது தேவை, எதை வெட்டலாம் என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளாம். நான் தமிழ் என்று தெரிந்ததும், “அக்கா, நூறு பக்கத்தைப் பத்தே விநாடியில் முடித்துவிடும்” என்றான். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள் வந்தன. முதலாளிக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் கேட்டேன். “அது கம்பெனி ரகசியம் அக்கா” என்று சிரித்தான்.

அன்றிரவு தோசை வார்த்துக்கொண்டே புலம்பினேன். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் மகன், “அம்மா, அதே மாதிரி ஒன்று உள்ளே திறந்து பார்க்கும்படி சும்மாவே கிடக்கிறது. அமெரிக்க அரசாங்கத்துக்காக எழுதியது” என்றான். அதைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

எழுதியவர் சாஹில் லவிங்கியா. 19 வயதில் கம்ரோட் என்ற இணைய விற்பனைத் தளத்தைத் தொடங்கியவர். அதற்கு முன் பின்டரெஸ்ட் என்ற படப் பகிர்வுத் தளத்தின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர். சின்ன வயதில் சிங்கப்பூரிலும் கொஞ்ச காலம் இருந்தவர் என்று மகன் சொன்னதும் எனக்கு ஒரு சொந்தமே வந்துவிட்டது, நம் ஊர்ப் பிள்ளை என்ன செய்தான் பார்ப்போம் என்று. 2025 மார்ச்சில், 32 வயதில், சம்பளம் வாங்காமல் டோஜ் சார்பில் அமெரிக்கப் படைவீரர் நலத்துறைக்குள் போனார். டோஜ் என்பது டிரம்ப் பதவியேற்ற அன்றே, 2025 ஜனவரி 20ஆம் தேதி, ஆணை போட்டு உருவாக்கிய செலவுக் குறைப்புப் படை. அப்போது அதன் முகம் இலோன் மஸ்க். கைகால் எல்லாம் இளைஞர்கள், சிலருக்கு 19 முதல் 24 வயதுதான். 2 லட்சம் கோடி டாலர் மிச்சப்படுத்தலாம் என்று தேர்தல் சமயத்தில் பேசிய மஸ்க், ஏப்ரல் வந்தபோது 15,000 கோடிக்கு இறங்கியிருந்தார். எங்கள் தொழிலில் இப்படி விலைப்புள்ளி கொடுத்தால் அடுத்த டெண்டருக்குக் கூப்பிட மாட்டார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம்.

லவிங்கியா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே இதை எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதுவதற்கும் செயற்கை நுண்ணறிவின் உதவிதான். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் பொதுவான, கொஞ்சம் பழைய செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்) ஒன்றிடம் துறையின் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, ‘இது மஞ்சபிளா?’ என்று கேட்கும். ஆங்கிலத்தில் மெல்லத்தக்கது என்று பொருள். என் வீட்டு வழக்கில் ‘கொறிக்கலாம்’. தட்டில் முறுக்கு இருப்பதுபோல ஒப்பந்தங்கள் இருக்கின்றன, எதை எடுத்துக் கொறிக்கலாம் என்று இயந்திரம் சொல்லும். பெயர் வைத்தவருக்குச் சொல்வளம் உண்டு, அதை மறுக்க மாட்டேன்.

இயந்திரத்துக்குக் கொடுத்த கட்டளைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஆர்வம் கூடியது, ஏனென்றால் அவை நிரல் இல்லை, சாதாரண ஆங்கிலம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பது போலவே இருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் தாதி என்றால் தொடாதே. நோயாளியிடமிருந்து பல அடுக்கு தள்ளியிருக்கிற ஆலோசகர் என்றால் கொறிக்கலாம். பன்முகத்தன்மை, சமவாய்ப்பு சம்பந்தப்பட்டது என்றாலும் கொறிக்கலாம். மற்றபடி, துறையின் சொந்த ஊழியர்களே செய்துவிடக்கூடிய வேலையா என்று யோசித்துப் பார். இந்தக் கடைசிக் கட்டளையைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். சொந்த ஊழியர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தெரியும், யார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதெல்லாம் ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்காதே! தாளில் இல்லாததை இயந்திரம் எங்கே போய்ப் படிக்கும்? எங்கள் அலுவலகத்தில் அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மதியம் காப்பிக்கடையில் மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்காருவது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் முதல் 10,000 எழுத்துகளை மட்டுமே இது படிக்கிறது. இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. அதோடு நறுக்கிவிட்டு, மீதியைப் பாராமலே தீர்ப்பு.

கேட்டபோது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பத்தாயிரம் எழுத்து என்பது குறைவில்லையே என்றுதான் நானும் நினைத்தேன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். காலாவதியான எங்கள் பழைய ஒப்பந்தம் ஒன்று, 86 பக்கம். அலுவலகத்தில் கேட்டு, பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்து, நகல் எடுத்து வந்தேன். பத்தாயிரமாவது எழுத்து எங்கே விழுகிறது என்று மகன் கணினியில் எண்ணிச் சொன்னான். கொத்தமல்லி நறுக்கும் கத்தரிக்கோலால் அந்த இடத்தில் வெட்டினேன். ஐந்தாம் பக்கத்தின் மேற்பகுதி. ‘வேலை நாள் என்பது சனி, ஞாயிறு மற்றும்’ என்ற இடத்தில் அறுந்து நின்றது. பொதுவிடுமுறை வரைகூடப் போகவில்லை.

வெட்டிய நாலரைப் பக்கத்தை மகன் கையில் கொடுத்து, “இதை மட்டும் படித்துவிட்டுச் சொல், கொறிக்கலாமா?” என்றேன். பையன் நேர்மையாகத்தான் படித்தான். அதில் இருந்தது இரு தரப்பாரின் முகவரி, முன்னுரை, சொற்களுக்கு விளக்கம், எந்த ஆவணம் எந்த ஆவணத்தை மிஞ்சும் என்ற பட்டியல். தலைப்போ, ஆங்கிலத்தில், ‘ஒருங்கிணைந்த செங்குத்துப் போக்குவரத்துச் சேவைகள்’. யார் வைத்த பெயரோ தெரியாது, ஒப்பந்தம் எழுதும் வக்கீல்களுக்கு லிஃப்ட் என்று சொல்ல வெட்கம். “ஏதோ ஆலோசனைக் கம்பெனி மாதிரி இருக்கிறது. வெட்டலாம்” என்றான்.

மீதி 81 பக்கத்தையும் எடுத்து வைத்தேன். 31ஆம் பக்கத்தில் ஒவ்வொரு மின்தூக்கிக்கும் மாதாமாதம் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியல். 44ஆம் பக்கத்தில், பின்னிணைப்பு மூன்றில், உள்ளே ஆள் சிக்கிக்கொண்டால் இரவோ பகலோ 30 நிமிடத்துக்குள் வந்து வெளியே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. 71இல் விலை. 78இல் மின்தூக்கிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை. மொத்தம் 14. அதில் இரண்டு ஒரு தாதிமை இல்லத்தில், நோயாளியைக் கட்டிலோடு ஏற்றி இறக்குகிற அகலமான பெட்டி. கட்டிலருகே நிற்கும் தாதி பூஜ்யம் அடுக்கு என்றால், அந்தக் கட்டில் நிற்கிற பெட்டி எத்தனையாவது அடுக்கு? மகன் பதில் சொல்லவில்லை. தோசை ஆறிப்போயிருந்தது.

ஒப்பந்தம் படிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். முன்பக்கம் வக்கீலுக்கு, பின்பக்கம் வேலைக்காரனுக்கு. சரக்கு எல்லாம் பின்னிணைப்பில்தான்.

இந்த நிரலை 2025 ஜூனில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் பிரித்துப் போட்டு ஆராய்ந்தது. 2,000க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு இது ‘கொறிக்கலாம்’ என்று முத்திரை குத்தியிருந்தது. அவற்றில் குறைந்தது இரண்டு டஜன் பின்னர் ரத்தாகியிருந்தன என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, புற்றுநோய்க்கு மேலான சிகிச்சை தேடும் ஆய்வில் பயன்படுகிற மரபணு வரிசைப்படுத்தும் கருவியின் பராமரிப்பு. இன்னொன்று, துறையின் ஆய்வுக்கு ரத்த மாதிரிகளைப் பரிசோதிப்பது. மூன்றாவது, தாதியர் கொடுக்கும் பராமரிப்பை அளந்து மேம்படுத்த உதவும் கருவிகள். எனக்கு முதலாவது போதும். கருவி வாங்குகிறவர்களுக்குப் பெயர் உண்டு, படம் எடுப்பார்கள். பராமரிப்புக்காரன் யார் கண்ணிலும் படமாட்டான், அவன் ஒப்பந்தம்தான் முதலில் வெட்டுப்படும். 26 வருடமாகப் பராமரிப்புக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குச் செய்தி இல்லை.

கணக்கு விஷயம் இன்னும் மோசம். 1,100க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு மதிப்பு ஒவ்வொன்றும் 3 கோடியே 40 லட்சம் டாலர் என்று இயந்திரம் எழுதி வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தொகை! அவற்றில் சிலவற்றின் உண்மை மதிப்பு 35,000 டாலர். ஏறக்குறைய 970 மடங்கு. கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன், 1,100 ஒப்பந்தத்துக்கு 3,740 கோடி டாலர் வருகிறது. எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் சீனப் பாட்டி ஒருத்தி, ஒரே தொகை இரண்டு ரசீதில் வந்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவாள். ஆயிரத்து நூறு முறை வந்தால் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தனைக்கும் அமெரிக்க அரசின் ஒப்பந்தத் தொகைகளைப் பார்க்க யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் என்ற அரசுத் தளமே இருக்கிறது, இங்கே காக்கி புக்கிட்டிலிருந்துகூடத் திறக்கலாம். தட்டில் இருப்பதை எண்ணாமல், தட்டைப் பற்றி எழுதியதைப் படித்து ஊகித்த கதை.

இந்தப் பிழை லவிங்கியா ஒருவருடையது மட்டும் இல்லை. டோஜ் தன் சேமிப்புப் பட்டியலை 2025 பிப்ரவரியில் வெளியிட்டபோது, குடிநுழைவுத் துறையின் ஒப்பந்தம் ஒன்றை ரத்து செய்ததில் 800 கோடி டாலர் மிச்சம் என்று போட்டிருந்தார்கள். உண்மையில் அது 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். பிறகு திருத்தினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் கதை ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2004இல், இந்த வேலையில் எனக்கு அனுபவம் குறைவு, வேகம் அதிகம். செலவைக் குறை என்று அப்போதிருந்த மேலாளர் ஒரு கட்டுக் கோப்பைக் கொடுத்தார். ‘பதிவேடு மற்றும் ஆலோசனைச் சேவை, மாதம் 380 வெள்ளி’ என்று ஒன்று. முதல் பக்கம் பார்த்தேன், பென்சிலால் ‘தேவையில்லை’ என்று ஓரத்தில் எழுதினேன். எங்களிடம் ஒரு மலாய் டெக்னீஷியன் இருந்தார், ஊரே அவரைப் பக்சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிடும். கையில் பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி. என் மேசையைத் தாண்டிப் போகிறவர் கோப்பை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “வா” என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏர்கானின் குளிர்விப்புக் கோபுரம் புஸ் என்று நீராவி விட்டுக்கொண்டிருந்தது. முகத்தில் சாரல் பட்டது. “இந்தத் தண்ணியில கிருமி வந்தா, கீழே பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் மூச்சுல போகும்” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். லீஜியனெல்லா என்ற அந்தக் கிருமியின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த 380 வெள்ளி, தண்ணீரை எடுத்துக் கூடத்தில் பரிசோதித்து ஏட்டில் பதிய. அப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று 2001இலேயே இங்கே சட்ட விதி வந்துவிட்டது. கீழே வந்து, எழுதியதை ரப்பரால் அழித்தேன்.

ஆகவே லவிங்கியாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். எனக்குப் பென்சில், அவருக்கு நிரல். எனக்குப் பக்சிக் இருந்தார்.

அங்கே பக்சிக்குகள் இல்லாமலா போனார்கள்? இருந்தார்கள். எந்த முடிவையும் ஊழியர்கள் சரிபார்த்த பிறகே எடுத்தோம் என்றுதான் துறையும் சொன்னது. ஆனால் அந்த ஊழியர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம், ஓர் ஒப்பந்தம் ஏன் வேண்டும் என்று எழுதக் கொடுத்த இடம் 255 எழுத்து. இயந்திரத்துக்குப் பத்தாயிரம், மனிதருக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. அதையும் முயன்று பார்த்தேன். என் மின்தூக்கி ஒப்பந்தத்தை ஏன் வெட்டக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். சட்டப்படி மாதாந்தரப் பராமரிப்பு, 14 மின்தூக்கி, 30 நிமிட மீட்பு என்று வந்து, தாதிமை இல்லத்தின் கட்டில் என்று தொடங்கும்போது கணினி மணியடித்து நிறுத்திவிட்டது. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவதற்கு அதில் எங்கே இடம்?

இனி இதன் நல்ல பக்கம். இருக்கிறது, ஒளிக்க மாட்டேன்.

லவிங்கியா நிரலை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், எல்லார் பார்வைக்கும் வைத்தார். அதனால்தான் என் போன்றவள் தோசைக்கல் பக்கத்தில் உட்கார்ந்து இதை விமர்சிக்க முடிகிறது. விற்பனைப் பையனின் பச்சை சிவப்புக் கட்டங்களை நான் இப்படிப் பிரிக்க முடியாது. இரண்டாவது, தவறு நடந்தது என்று செய்தியாளர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார். என் நிரலை ஓட்டி அது சொல்கிறபடி செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், வழிகாட்டிச் செயலி சொன்னது என்பதற்காகக் காரை ஏரிக்குள் விடாதீர்கள் என்ற பொருளில் பேசினார். மூன்றாவது, உள்ளே போய்ப் பார்த்தபோது தான் எதிர்பார்த்த அளவுக்கு வீணடிப்பு இல்லை, அரசாங்கம் நினைத்ததைவிட ஒழுங்காகவே நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப் பேட்டி கொடுத்த கையோடு, மே மாதம், அவர் வேலை போய்விட்டது. மொத்தம் 55 நாள். எங்கள் அலுவலகத்தில் தகுதிகாண் காலமே மூன்று மாதம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஏரி முன்னால் இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும், கண்ணாடி வழியாகத் தெரியும். ‘ஒருங்கிணைந்த செங்குத்துப் போக்குவரத்து’ என்று படிக்கிறவருக்கு முன்னால் ஏரியும் இல்லை, கட்டிலும் இல்லை. இதை மகனிடம் சொன்னேன். “அம்மா, இப்போதெல்லாம் மாதிரிகள் முழு ஒப்பந்தத்தையும் படிக்கும். பத்தாயிரம் எழுத்து என்பது பழைய கதை” என்றான். இருக்கலாம். அவன் சொல்வது பொய்யில்லை. படிக்கட்டும், நல்லதுதான். முழுதும் படித்துவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒன்று வந்தால் முதல் ஆளாக நானே வாங்கச் சொல்வேன். என் கண்ணும் முன்போல இல்லை.

மதிப்பெண் கேட்பீர்கள். ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று, உள்ளே திறந்து காட்டியதற்கு. அரை, கட்டளைகளைச் சாதாரண மொழியில் எழுதியதற்கு. நாலு பக்கத்துக்குள் அடங்குகிற வாடகை ஒப்பந்தம், கைப்பேசிச் சந்தா மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு, தொகையை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தால், இந்த முறையை வைத்து விளையாடிப் பார்க்கலாம். பராமரிப்பு என்ற சொல் எங்காவது வருகிற எதற்கும் வேண்டாம்.

போன வாரம் விற்பனைப் பையன் திரும்ப வந்தான், விலையில் பத்து சதவீதம் கழிவோடு. முதலாளி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அந்த அறுந்த ஐந்தாம் பக்கத்தை மேசையில் வைத்து, “தம்பி, உன் மென்பொருள் எத்தனையாவது எழுத்து வரை படிக்கும்?” என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “டெக்னிக்கல் டீமிடம் கேட்டு மின்னஞ்சல் போடுகிறேன் அக்கா” என்றான். இன்று வரை வரவில்லை. முதலாளி பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.